கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா? அமெரிக்க விவாதமும் அங்குள்ள எங்கள் உறவுகளும்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 29இல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத வயது வந்த ஒருவர், எந்த அனுமதிப்பத்திரமும் இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துச் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாம். 2021 செப்டெம்பரில் ரெக்சாஸ், 2022இல் ஜோர்ஜியா, 2023 யூலையில் புளோரிடா, 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் என்று பட்டியல் வேகமாக நீண்டது.

ஏனைய நாடுகளில் வாழும் எங்களுக்கு இது விளங்குவது கடினம். பிரித்தானியா, டன்பிளேன் பாடசாலைப் படுகொலைக்கு அடுத்த வருடமான 1997இல் கைத்துப்பாக்கியை ஏறக்குறைய முற்றாகத் தடை செய்தது. கனடா 2022 ஒக்ரோபரில் அதன் விற்பனையையே முடக்கியது. ஆனால் எங்கள் பெறாமக்களும் மருமக்களும் அமெரிக்காவில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், சிலர் இரவிரவாகக் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். "நானும் ஒன்று வாங்கி வைக்கட்டோ?" என்ற கேள்வி அவர்களிடமிருந்து வராமல் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கியை வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது, வெளியே கொண்டு திரிவது மூன்றும் வெவ்வேறு விடயங்கள். உரிமம் பெற்ற கடையில் வாங்குபவருக்குப் பொதுவாகப் பின்னணிச் சோதனை உண்டு. வீட்டில் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய சண்டை மூன்றாவதைப் பற்றியது.

வெளியே கொண்டு திரிவதற்கு மூன்று நடைமுறைகள் இருந்தன. முதலாவதில் அதிகாரி திருப்திப்பட்டால்தான் அனுமதி கிடைக்கும். இரண்டாவதில் எழுதப்பட்ட தகைமைகள் இருந்தால் அதிகாரி அனுமதி தந்தே ஆகவேண்டும். மூன்றாவதில் அனுமதியே தேவையில்லை.

முதலாவது வகைக்குப் பெயர்போனது நியூயோர்க். 1911இல் தொடங்கிய அதன் சட்டத்தின்படி, தனக்கு விசேடமான ஆபத்து இருப்பதை விண்ணப்பதாரர் நிரூபிக்கவேண்டும். 2022 யூன் 23இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த நிபந்தனையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ்.

அந்தத் தீர்ப்பு அனுமதிப்பத்திரத்தை ஒழித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி ஆகியவற்றை மாநிலங்கள் தொடர்ந்து கேட்கலாம் என்று நீதியரசர் கவனோ தனியாக எழுதினார். நியூயோர்க் இப்போது 16 மணிநேர வகுப்பும் 2 மணிநேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது. ஆகவே, அனுமதியே வேண்டாம் என்று விட்ட மாநிலங்களை நீதிமன்றம் கட்டாயப்படுத்தவில்லை. ஏறக்குறைய எல்லாமே தங்கள் சட்டசபைகளில் தாங்களாக எடுத்த முடிவுகள்.

இரு பக்க நியாயங்கள்

அனுமதி வேண்டாம் என்பவர்கள், கள்ளன் ஒருநாளும் விண்ணப்பப் படிவம் நிரப்புவதில்லை என்கிறார்கள். கட்டணமும் வகுப்பும் ஏழைத் தொழிலாளியைத்தான் தடுக்கின்றன என்பது அவர்களின் வாதம். அதிகாரியின் விருப்பத்தில் இனவாதம் நுழையும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பின் மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. நியூயோர்க் வழக்கில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின அரச சட்டத்தரணிகளே பழைய சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள்.

மறுபக்கம், ரெக்சாஸில் சட்டம் வந்தபோது பல பொலிஸ் உயரதிகாரிகளே எதிர்த்தார்கள். குறி பார்த்துச் சுடத் தெரியாதவர், எப்போது சுடக்கூடாது என்று அறியாதவர் சன நெருக்கடிக்குள் ஆயுதத்தோடு நிற்பதே அவர்களின் பயம். ஆய்வாளர்களும் ஒன்றுபடவில்லை. ஆயுதம் கூடினால் குற்றம் குறையும் என்று 1998இல் ஜோன் லொட் நூல் எழுதினார். எந்தப் பக்கத்துக்கும் ஆதாரம் போதாது என்று 2004இல் தேசிய ஆய்வுக் கழகக் குழு சொன்னது. கொண்டு திரிவதை இலகுவாக்கிய மாநிலங்களில் பத்து வருடங்களில் வன்குற்றம் 13 முதல் 15 வீதம் வரை கூடுதலாக இருந்ததாக 2019இல் ஸ்ரான்போர்ட் பேராசிரியர் டொனஹூவின் குழு கணித்தது.

நான் கணக்காளன். ஒரு நிறுவனத்தின் காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதி வைப்பது, முதல் கையெழுத்துப் போடுபவர் கள்ளன் என்பதற்காக அல்ல. இரண்டாவது கண் ஒன்று பார்க்கவேண்டும் என்பதற்காக. ஆனால் இரண்டாமவர் காரணம் சொல்லாமல் கையெழுத்தை மறுக்கலாம் என்றால் நிறுவனம் படுத்துவிடும். வவுனியாவில் பாஸுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு, ஒரு அதிகாரியின் மனநிலையில் வாழ்க்கை தொங்குவது என்னவென்று தெரியும். ஆயுதத்தோடு வருபவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்று தெரியாத தெருக்களிலும் நடந்திருக்கிறோம். ஆகவே என் நிலைப்பாடு நடுவிலுள்ள முறைதான். தகைமைகள் எழுத்தில் இருக்கவேண்டும், கட்டணம் குறைவாக இருக்கவேண்டும், மறுத்தால் காரணமும் மேன்முறையீடும் வேண்டும். பயிற்சி கட்டாயம் வேண்டும்.

எங்கள் குடும்பங்கள் கவனிக்கவேண்டியவை

மாநிலம் அனுமதி கேட்காவிட்டாலும் கூட்டாட்சிச் சட்டம் போய்விடவில்லை. மாணவர் வீசா, வேலை வீசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. வதிவிட அந்தஸ்து இல்லாதவர்களுக்கும் தடை. கிறீன் கார்ட் உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படலாம். அகதியாக வந்து கட்டிய வாழ்க்கையை ஒரு பிழையான பயணத்தில் இழக்கும் அபாயம் இது.

குடும்ப வன்முறைக்காக நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு உள்ளவர்கள் மீதான தடையை 2024இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று உறுதி செய்தது. பாடசாலையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவது கூட்டாட்சிக் குற்றம். அந்த மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு விலக்கு உண்டு, வெறுமனே கொண்டு திரிபவருக்கு இல்லை. ஒரு மாநிலத்தின் அனுமதி அடுத்த மாநிலத்தில் செல்லாமலும் போகலாம். உறவினர் வீட்டுக்குக் காரில் கனடா வருபவர்கள் கைத்துப்பாக்கியை எடுத்துவரவே கூடாது.

பத்திரம் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு என்றில்லை. 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்ரீல் என்ற கறுப்பின இளைஞர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் பொலிஸ்காரரிடம் தானே சொன்னார். அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அடுத்த வருடம் விடுதலையானார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்தவர்கள். கள்ளனுக்குப் பயந்து வாங்கும் ஆயுதம் மனமுடைந்த பிள்ளையின் கைக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்கும். வாங்காமல் இருக்க முடியுமென்றால் வாங்காதீர்கள். வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பூட்டக்கூடிய பெட்டியும் கையோடு வாங்குங்கள். அனுமதி கேட்காத மாநிலங்களிலும் பெரும்பாலானவை விரும்பியவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. சட்டம் கேட்காவிட்டாலும் வகுப்புக்குப் போய் அதை எடுத்து வைத்திருங்கள்.