வரப்புக்குத் திரும்பும் விரியன்

அச்சரப்பாக்கம் வட்டாரத்தில் கதிர் முற்றத் தொடங்கினால் வரப்பெங்கும் எலி வளை பெருகும். எலி இருக்குமிடம் தேடிப் பாம்பு வரும். அறுவடைக்கு இறங்கும் வெறுங்கால்களும் அங்கேதான் வரும். இது அன்றும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். பிடிபட்ட பாம்பின் கதிதான் மாறியிருக்கிறது.

அறுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் பிடிபட்ட நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் சாரையும் தோலாகத்தான் சென்னைக்குப் போயின. அங்கே பதனிடப்பட்டு, கைப்பையும் செருப்புமாகக் கடல் கடந்தன. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர் பழங்குடியினர். மண்ணில் பதிந்த தடம், வளை வாயில் கிடக்கும் எச்சம், உரிந்த சட்டை ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்த அறிவுக்குத் தோல் வியாபாரி கொடுத்தது அற்பக் கூலி.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. பாம்பு பிழைத்தது. இருளர் வீட்டு அடுப்பில் பூனை படுத்தது. காட்டையும் உயிரையும் காக்கப் போடும் சட்டம், அவற்றை நம்பி வாழ்ந்தவனுக்கு மாற்று வழி சொல்லாமல் போவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் கொடுமை. இங்கே மட்டும் வழி பிறந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இன்றும் இயங்குகிறது.

அங்கே தோலை யாரும் தொடுவதில்லை. நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகை மட்டும், வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பிடிக்கப்படுகின்றன. மண்பானையில் சுமார் மூன்று வாரம் வைத்து, சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் இருப்பது மறுபடி சிக்கினால் உடனே தெரிந்துவிடும். எடுத்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. வயலில் கடிபட்டவரைப் பிழைக்க வைப்பது அந்த மருந்துதான். கண்ணாடிவிரியன் உயிரோடிருந்தால்தான் கண்ணாடிவிரியன் கடிக்கு மருந்து. அச்சத்தைக் குறைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டி 'கிட்டே வராதே' என்கிறது. நம் சுருட்டைவிரியன் செதிலோடு செதிலை உரசி மரம் அறுப்பதுபோல் ஒலி எழுப்புகிறது. இரண்டும் விலகிப் போகத்தான் சொல்கின்றன. ஆனாலும் அமெரிக்காவில், டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் 1958 முதல் ஆண்டுதோறும் கிலுகிலுப்பைப் பாம்புகளைக் கூட்டமாகப் பிடித்துக் கொல்லும் திருவிழா நடந்துவருகிறது. அதே நாட்டில் 2017இல், புளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேட அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இந்தச் சங்கத்து இருளர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் ஊருக்குள் பாம்பைக் கண்டால் கம்பு இன்னும் ஓங்கத்தான் செய்கிறது. அச்சத்தை மடமை என்று நான் தள்ளமாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஆய்வு சொல்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். அன்று கடிபட்டவரை மந்திரிக்கத் தூக்கிப்போனார்கள். கடிவாயைக் கீறினார்கள், கயிற்றால் இறுக்கினார்கள். இன்று செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைகிறார்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறையை அழைப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். 2024இல் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்பது இனி கணக்கில் ஏறும். அந்தக் கணக்கைப் பார்த்து மருந்தை வட்டார மருத்துவமனைகளில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். இரவில் மடை திறக்கப் போகிறவர் கையில் டார்ச்சும் காலில் பூட்ஸும் இருக்க வழி செய்ய வேண்டும்.