நிறுத்தத் தெரிய வேண்டும்!

தலைக்கு மேலே சிறு விமானம் ஒன்று போனால் கமுந்திங் பிள்ளைகள் இன்றும் அண்ணாந்து பார்க்கிறார்கள். "சார், அதை ஓட்டுகிறவருக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டான் ஒரு மாணவன். நல்ல கேள்வி.

விமானத்தின் மூக்கு எழும்பாமலும் கவிழாமலும் இருக்க, விமானி பிடியை ஓயாமல் இழுத்தோ தள்ளியோ கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிரமத்தைக் குறைப்பதே 'ட்ரிம்'. காண்டாக் கம்பில் ஒரு பக்கத்து வாளி கனத்தால், பால் சுமப்பவர் கம்பைச் சற்றே நகர்த்தித் தோளில் சமன் பார்த்துக்கொள்வார் அல்லவா? ட்ரிம் செய்வதும் அதுவே. முன்பு இதற்குக் கைச்சக்கரம் ஒன்றுதான் உண்டு. இப்போது பல சிறு விமானங்களில் விமானியின் கட்டைவிரல் அருகே ஒரு சுவிட்ச். வேலையை மின்மோட்டார் செய்கிறது. விமானத்தைத் தானே ஓட்டும் 'ஆட்டோ பைலட்' கருவியும் பல விமானங்களில் இந்த மோட்டாரை இயக்குகிறது.

வசதிதான். ஆனால் மோட்டார் நிற்காமல் ஓடினால்? மூக்கு ஒரு பக்கமாகப் போகும். விநாடிக்கு விநாடி பிடி கனக்கும்.

அப்போது விமானி முதலில் பிடியை இறுகப் பற்ற வேண்டும். உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோ பைலட்டைத் துண்டிக்க வேண்டும். அந்தக் கணத்தில் பிடி கையை உதறக்கூடும், தளரக்கூடாது. அடுத்து ட்ரிம் மோட்டாரின் சுவிட்சை அணைத்து, அதற்குரிய சர்க்யூட் பிரேக்கரையும் வெளியே இழுத்துவிட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் கையின் பாரமும் குறையும். கைச்சக்கரம் இருந்தால் அதனால் சமன் செய்துகொண்டு, அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்க வேண்டும். "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசை வானத்தில் ஆகாது.

ஆட்டோ பைலட் இயங்கும்போது அதனோடு மல்லுக்கட்டுவதும் ஆபத்து. விமானி ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் ட்ரிம்மைத் திருப்பிக்கொண்டே போகும்.

பெரிய விமானத்துக்கும் இதே பாடந்தான். 2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், ஒரு கருவி தந்த பொய்த் தகவலால் ட்ரிம் தானாக ஓடி மூக்கைக் கீழே தள்ளியது. விமானிகள் ட்ரிம்மின் மின்சாரத்தைத் துண்டித்து, கைச்சக்கரத்தால் சமாளித்துப் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் துண்டித்த விவரம் விமானத்தின் குறிப்பேட்டில் ஏறவில்லை. மறுநாள் காலை அதே விமானம், அதே கோளாறு, விமானிகள் வேறு. மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. ஜாவா கடலில் விழுந்து 189 பேரும் மாண்டனர். ட்ரிம்மைத் தானாக ஓட்டும் அந்த அமைப்பைப் பற்றி விமானிகளின் கையேட்டிலேயே சொல்லியிருக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்வது எப்படி நியாயமாகும்?

இதனால்தான் நல்ல விமானி புறப்படுமுன் தரையிலேயே துண்டிக்கும் பொத்தானைச் சோதிக்கிறார். இருட்டிலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று, உரிய பிரேக்கருக்கு வளையம் மாட்டி வைப்பவர்களும் உண்டு.

இயந்திரத்தை முடுக்க எல்லாரும் கற்றுக்கொள்கிறோம். நிறுத்தும் வழியை அதற்கு முன்பே கற்க வேண்டும். பழுதைக் கண்டவர், அடுத்து வருகிறவருக்கு அதை எழுதி வைத்துவிட்டுப் போகவும் வேண்டும்.