எந்த யானையை நகர்த்துவது?

சதுரங்கத்தில் யார் முன்னணியில் இருக்கிறார் என்று எப்படிக் கணிப்பீர்கள்? காய்களை எண்ணிப் பார்ப்பேன் என்பீர்கள். அந்தக் கணக்கு வல்லுநர்களையும் ஏமாற்றிய ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம்.

1963 டிசம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க தேசியச் சாம்பியன் போட்டி தொடங்கியது. வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் அனுபவம் மிக்க ராபர்ட் பைர்ன். கறுப்புக் காய்களுடன் ஆடியவர் 20 வயது பாபி ஃபிஷர்.

பலகையை எடுத்து, 13 நகர்த்தல்கள் முடிந்த நிலையை அடுக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி2, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் ஏ3, ஜி2, குதிரைகள் சி3, இ2, சிப்பாய்கள் ஏ2, பி3, இ3, எஃப்2, ஜி3, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, இ8, மந்திரிகள் ஏ6, ஜி7, குதிரைகள் எஃப்6, இ5, சிப்பாய்கள் ஏ7, பி6, டி5, எஃப்7, ஜி6, எச்7.

காய்கள் சமம். கறுப்பின் டி5 சிப்பாய் தனித்து நிற்கிறது. அதைத் தாக்க வெள்ளை யானை டி1-க்கு வர வேண்டும். ஆனால் எந்த யானை? பைர்ன் எஃப்1 யானையை நகர்த்தினார். இதனால் எஃப்2 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாமல் போயிற்று. தவறு இங்கேதான்.

ஃபிஷரின் குதிரை டி3-இல் குதித்தது. வெள்ளை ராணி சி2-க்கு விலகியது. உடனே குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டிற்று. ராஜா அதை வெட்டினார். இரண்டாவது குதிரை ஜி4-இலிருந்து 'செக்' கொடுத்தது. ராஜா ஜி1-க்குத் திரும்பினார். குதிரை இ3 சிப்பாயையும் வெட்டி ராணி, யானை, மந்திரி மூன்றையும் ஒரே சமயத்தில் தாக்கியது. ராணி டி2-க்குத் தப்பியது.

இப்போது நீங்கள் எதை வெட்டுவீர்கள்? மதிப்பில் பெரியது யானை. பைர்ன் எதிர்பார்த்ததும் அதையே. ஃபிஷரோ ஜி2 மந்திரியை வெட்டினார்! ஏன்? ராஜாவைச் சுற்றியுள்ள வெண்கட்டங்களைக் காத்தது அந்த மந்திரிதான். ராஜா குதிரையை வெட்டியதும், ஃபிஷர் டி5 சிப்பாயை டி4-க்குத் தள்ளிப் பலிகொடுத்தார். இ2 குதிரை அதை வெட்டிற்று. குறுக்குப் பாதை திறந்தது. கறுப்பு மந்திரி பி7-இலிருந்து 'செக்' கொடுத்தது. ராஜா எஃப்1-க்கு நகர, கறுப்பு ராணி டி7-க்கு வந்தது.

காய்களை எண்ணுங்கள். வெள்ளைக்கு ஒரு காய் அதிகம். கறுப்புக்கு ஒரு சிப்பாய் மட்டுமே அதிகம். தனி அறையில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொன்ன கிராண்ட் மாஸ்டர்கள், பைர்ன் வெல்கிறார் என்றே கருதினர். அந்த நேரத்தில் பைர்ன் தோல்வியை ஒப்புக்கொண்டார்!

அவர் கண்டது என்ன? வெள்ளை ராணி எஃப்2-க்கு வந்து காத்தால், கறுப்பு ராணி எச்3-இல் 'செக்'. ராஜா ஜி1-க்குப் போக வேண்டும். அப்போது கறுப்பு யானை இ1-இல் தன்னையே பலிகொடுக்கும். டி1 யானை அதை வெட்டினால், டி4 குதிரைக்கு அதன் காவல் போய்விடும். கறுப்பு மந்திரி அக்குதிரையை வெட்டி, வெள்ளை ராணியை ராஜாவோடு ஒரே கோட்டில் கட்டிப்போடும். அடுத்து ஜி2-இல் 'செக்மேட்'. இதைத் தடுக்க வழியில்லை.

காயின் மதிப்பு அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது என்பதே இங்குள்ள பாடம். ஏ8-இல் அசையாமல் நின்ற கறுப்பு யானை இத்தாக்குதலுக்குத் தேவைப்படவே இல்லை. வெள்ளையிடம் அதிகமாக இருந்த காயோ ராஜாவைக் காக்கும் இடத்தில் இல்லை. ஃபிஷர் அப்போட்டியில் 11 ஆட்டங்களையும் வென்றார். 1972-இல் உலகச் சாம்பியனானார்.

உங்களுக்கு ஒரு கேள்வி. பி7 மந்திரி 'செக்' கொடுத்தபோது, ராஜா எஃப்1-க்குப் பதிலாக ஜி1-க்குப் போயிருந்தால்? பலகையில் ஆடிப் பாருங்கள். விடைக்குத் திறவுகோல் மீண்டும் இ1 கட்டத்திலேயே இருக்கிறது.