வயிற்றை வெட்டிச் சுருக்கியவர் மீன் குழம்பு சாப்பிடலாமா? மண்ணடி மெஸ்காரர் பட்ட பாடு!

- நமது நிருபர் -

உடம்பு எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆயுள் முழுக்கக் கஞ்சியும் கூழும்தான் குடிக்க வேண்டுமா? காரக்குழம்பு, மீன் குழம்பு, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் தலைமுழுகிவிட வேண்டியதுதானா?

டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்வி இது. உயிர் பிழைத்தால் போதும் என்று கட்டிலில் படுத்திருக்கிறவர் குழம்பைப் பற்றிக் கேட்டால் நர்சம்மா சிரிக்க மாட்டார்களா?

பதில்: சாப்பிடலாம். ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. அளவுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குத் தெரியாமல் தவித்து, தொழிலையே கோட்டை விட இருந்தார் ஒரு மெஸ்காரர். அந்த விவரம் வருமாறு:-

நாக்குதான் முதலாளி

மண்ணடியில், கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்கி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த மெஸ். பகல் 12 மணி அடித்தால் பெஞ்சில் இடம் கிடைக்காது. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் கிளார்க்குகள், இரும்புக் கடைப் பையன்கள், கஸ்டம்ஸ் வேலையாக வந்து பசியோடு நிற்கிறவர்கள் எல்லோரும் வாடிக்கை. இலையில் சோறு விழுவதற்கு முன்பே "மீன் குழம்பு கொண்டா" என்று குரல் வரும்.

முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வயது 52. "பேரைப் போட்டுடாதீங்க தம்பி. மாமனார் வீட்டுல இன்னும் குடலிறக்க ஆபரேஷன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்காங்க" என்று கேட்டுக்கொண்டார்.

குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் மாஸ்டர் கரண்டியோடு கல்லாவுக்கு வருவார். அண்ணாச்சியின் உள்ளங்கையில் நாலு சொட்டு விடுவார். அண்ணாச்சி நக்கிப் பார்த்து, "புளி பத்தலை" என்றாலும் சரி, "எறக்கு" என்றாலும் சரி, அதுதான் தீர்ப்பு. மிளகாய் ஊரிலிருந்து மூட்டையாக வரும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ராமநாதபுரம் முண்டு மிளகாய். உருண்டையாகக் கோலிக்குண்டு போல் இருக்கும்.

ருசி பார்த்தே பெருத்தவர் அவர். கல்லாவில் உட்கார்ந்தபடி காலையில் இட்லி, பத்து மணிக்கு வடை, பகலில் இரண்டு சாப்பாடு, மாலையில் மறுபடி வடை. எடை 130 கிலோவைத் தாண்டியது. சர்க்கரை வியாதி. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பயந்துபோன மனைவி பக்கத்தில் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். கடைசியில் டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்.

டீ கிளாஸ் வயிறு

இந்த ஆபரேஷன் நேற்று முளைத்தது அல்ல. வயிற்றுப் புண்ணுக்காக வயிற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பிறகு எளிதில் குண்டாவதில்லை என்பதைக் கவனித்தார் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக டாக்டர் எட்வர்டு மேசன். 1966-ல் எடை குறைக்கவென்றே 'பைபாஸ்' ஆபரேஷன் செய்தார். இதய பைபாஸ் வேறு, இது வேறு. இதில் வயிற்றின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேராகக் குடலோடு இணைத்துவிடுகிறார்கள்.

நமது மெஸ்காரருக்குச் செய்தது இன்னொரு வகை. 'ஸ்லீவ்' என்கிறார்கள். சட்டைக் கை போல் நீளமான ஒரு குழாயை விட்டுவிட்டு மீதி வயிற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ் கொள்ளும் அளவு. பெரிதாகக் கிழிப்பதில்லை. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, ஆபீசில் காகிதம் தைப்பது போல ஸ்டேப்ளர் போட்டே தைத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பில் பெரும்பகுதி வெட்டி எடுத்த பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே பசியும் அடங்கிவிடுகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் இளைக்க வேண்டும் என்று யாரும் இதற்குக் கிளம்பிவிட வேண்டாம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன வாலிபர் இறந்துபோனார். அரசு விசாரணை நடந்தது. பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அது நினைவிருக்கும்.

மிளகாய்க்குத் தடை

ஆபரேஷன் முடிந்ததும் முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு சுமார் இரண்டு வாரம் பால், மோர், பருப்புத் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் மிக்சியில் அடித்த கூழ். பிறகு மசித்த இட்லி, குழைந்த பருப்பு, முட்டை, மிருதுவான மீன். ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகுதான் சாதாரணச் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கொஞ்சம் மாறும். ஆனால் அதுவரை மிளகாய்க்குத் தடை என்பதில் மாற்றம் இல்லை.

காரணம் இருக்கிறது. தையல் போட்ட இடம் உள்ளே ஆற வேண்டும். அந்த நேரத்தில் காரம் பட்டு நெஞ்சு எரிந்து, புரை ஏறி, வாந்தி வந்தால் தாங்காது.

மெஸ்காரர் வீட்டில் நடந்த கூத்து வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். அவர் மனைவிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். 'பிளாண்ட் டயட்' என்று போட்டிருந்ததாம். பிளாண்ட் என்றால் செடி கொடி என்று அர்த்தம் செய்துகொண்டு ஒரு வாரம் கீரைச் சாறாகவே வடிகட்டிக் கொடுத்திருக்கிறார்! காரமில்லாத சப்பென்ற சாப்பாடு என்பதைத்தான் இங்கிலீஷில் அப்படி எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கில் பணம் வாங்குகிற இடத்தில், சமைக்கப்போகிற பெண்ணுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"ஆஸ்பத்திரி கொழம்பு!"

மூன்றாவது வாரத்தில் மெஸ்காரர் கல்லாவுக்கு வந்துவிட்டார். மாஸ்டர் பழக்கதோஷத்தில் கரண்டியோடு வந்து நின்றார். அண்ணாச்சி கையை நீட்டவில்லை.

அவர் கூறியதாவது:-

"வாசனை வருது தம்பி. வெந்தயம் தாளிக்கிற வாசனை. கை தானா நீளுது. இழுத்துக்கிட்டேன். நாக்குல வச்சுத் துப்பிடலாமேன்னு ஒருத்தன் சொன்னான். கல்லாவுல உக்காந்துக்கிட்டு, சாப்பிடுறவன் எதிர்ல துப்ப முடியுமா? 'நீயே பாத்துக்கப்பா'ன்னு மாஸ்டர்கிட்ட விட்டுட்டேன்."

அங்கேதான் வந்தது வினை. மாஸ்டருக்குக் கை நன்றாக ஓடும், ஆனால் நாக்கு கிடையாது. ஒரு நாள் புளி தூக்கல். ஒரு நாள் உப்பே இல்லை. "இன்னா அண்ணாச்சி, கொழம்பு ஆஸ்பத்திரி கொழம்பாட்டம் கீது?" என்று ஒரு வாடிக்கைக்காரர் கேட்டே விட்டார். பத்து வருடமாகச் சாப்பிட்ட சிலர் எதிர் மெஸ்சுக்குப் போய்விட்டார்கள். பகல் ஒரு மணிக்கு பெஞ்சில் இடம் காலியாகக் கிடந்தது.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. சப்பென்ற சாப்பாட்டைக் கண்டாலே அவருக்குக் குமட்டல். முட்டையை ஒதுக்கினார். மீனை அவித்துக் கொடுத்தால் தட்டைத் தள்ளினார். இந்த ஆபரேஷன் செய்தவருக்குத் தினமும் குறைந்தது 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம்தான். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். தலைமுடி கொட்டும். மெஸ்காரருக்குச் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. படி ஏறினால் தள்ளாடினார். ஆக, குழம்பு ருசி என்பது வெறும் நாக்குச் சபலமாக இல்லை. ருசி இருந்தால்தான் மீன் உள்ளே இறங்கும் என்ற நிலை.

தண்ணி கேட்காத காரம்

இரண்டு மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது, கூச்சத்தை விட்டுக் கேள்வி கேட்டவர் மனைவிதான். "மீன் கொழம்பு குடுக்கலாமாங்க?" டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

எவ்வளவு கொஞ்சம்? அங்கேதான் அந்த அம்மாவின் சாமர்த்தியம்.

இந்த ஆபரேஷன் செய்தவர்கள் சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டீ கிளாஸ் வயிற்றில் தண்ணீர் போனால் சோற்றுக்கு இடம் ஏது? ஆகவே காரம் ஏறி "ஸ்ஸ்" என்று தண்ணீர் சொம்பைத் தேடினால் அது அதிகக் காரம். தேடாவிட்டால் சரியான காரம். "தண்ணி கேக்காத காரம்னு நானே ஒரு கணக்கு வச்சிக்கிட்டேன்" என்றார் அந்த அம்மா.

முதல் நாள் ஒரே ஒரு டீ ஸ்பூன் குழம்பு. சங்கரா மீன் துண்டு ஒன்று, முள் எடுத்து. மசித்த அரை இட்லி. மிளகாய்த் தூள் வழக்கத்தில் கால் பங்கு. "சாப்பிட்டுட்டு ஒண்ணும் பேசல. ஸ்பூனைக் கீழ வைக்காம கையிலயே வச்சிக்கிட்டிருந்தாரு" என்றார். மூன்று நாள் அதே அளவு. நெஞ்சு எரியவில்லை. பிறகு இரண்டு ஸ்பூன். இப்படி ஏற்றி ஏற்றி வழக்கமான காரத்துக்குப் பக்கத்தில் வர இன்னும் மூன்று மாதம் பிடித்தது.

ஒரு முறை அளவு தப்பி எரிந்தபோது சொம்பைக் கொடுக்கவில்லை. ஒரு ஸ்பூன் தயிரை நாக்கில் தடவிவிட்டார். படித்தவர்கள் சொல்வதும் இதேதான். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது. வாய் நிறையத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் போகாது. பால், தயிரில் உள்ள புரதம் அந்தச் சத்தைப் பிடித்துக் கழுவிவிடும்.

மிளகாய் சுடுவதும் இல்லை, பொசுக்குவதும் இல்லை. சூட்டை உணருகிற நரம்பை அது ஏமாற்றுகிறது. மூளை தீப்பட்டதாக நினைத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்து 1997-ல் வெளியிட்டார் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். 2021-ல் மருத்துவ நோபல் பரிசு இன்னொருவரோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது. அதே ரக நரம்பு குடல்வழியெல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டு அள்ளிப் போட்டவருக்கு வாயில் ஆரம்பித்த எரிச்சல் அடுத்த நாள் காலை வரை தொடர்வது அதனால்தான்!

உண்மைக் குற்றவாளி யார்?

போலீஸ் கேசில் ஊர் முழுக்க ஒருவனைக் கைகாட்டும். விசாரித்தால் வேறு ஆள் மாட்டுவான். வயிற்றுப் புண் விஷயத்தில் மிளகாய் கதி அதுதான். காரம் தின்றால் அல்சர் வரும் என்று பல காலம் சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-ல் அதற்குக் காரணமான கிருமியையே வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண் வருவது உண்டு. அங்கேயும் முக்கியக் குற்றவாளிகள் சிகரெட்டும், தலைவலி மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும்தான். குழம்பை ஒதுக்கிவிட்டு, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்கவும்.

அதற்காக மிளகாய் நிரபராதி என்று விடுதலை செய்யவும் முடியாது. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் காரமும் புளியும் எரிச்சலைக் கூட்டும். அவர்கள் டாக்டரைப் பார்க்காமல் நாக்கைக் கேட்டு நடக்கக்கூடாது. சாயங்காலம் தள்ளுவண்டியில் சிவக்கச் சிவக்கப் பொரிக்கிறார்களே சிக்கன் 65, அதில் மிளகாயைவிட எண்ணெயும், மெல்லாமல் விழுங்கும் வறண்ட கறியும்தான் தொல்லை. பரோட்டா மாவு உருண்டை போல் அடைத்துக்கொள்ளும். பைபாஸ் செய்தவர் ஆசைப்பட்டு அல்வா சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, பேதி என்று அரை மணியில் ஆளைச் சாய்த்துவிடும். இனிப்பு செய்கிற இந்த வேலையை மிளகாய் செய்வதில்லை.

காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி வந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, நேற்றுச் சாப்பிட்ட குழம்புதான் காரணம் என்று வீட்டில் படுத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான். வாந்தி நீடித்தால் பி-1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும்கூட பாதிக்கும்.

கரண்டி திரும்பியது

இப்போது மெஸ்காரருக்கு எடை 90 கிலோவுக்குக் கீழே. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் ஆயுளுக்கும் விடக்கூடாது என்று உத்தரவு.

ஒரு விசித்திரம். அவர் நாக்கு மாறிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆகிறதாம். டீயில் முன்பு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டவருக்கு இப்போது அரை ஸ்பூனே திகட்டுகிறது. உப்பும் சட்டென்று தெரிகிறது. மாஸ்டர் மறுபடி கரண்டியோடு வந்து உள்ளங்கையில் ஊற்றியதும் அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை, "எண்ணெயைக் கொறடா". குழம்பில் எண்ணெய் குறைந்தது. புளி ஒரு பிடி குறைந்தது. முண்டு மிளகாய் அதே அளவு. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். "இது முன்ன இருந்த கொழம்பு இல்ல, ஆனா நல்லாருக்கு" என்கிறாராம் அந்த 'ஆஸ்பத்திரி குழம்பு' வாடிக்கைக்காரர்.

கல்யாண வீடுகளுக்குப் போவதுதான் இன்னும் கஷ்டம். இலையில் கால்வாசிகூட முடியாமல் எழுந்தால், "என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு முடியலையா?" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அதனால் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்பே நழுவிவிடுகிறார்.

ஊறுகாய்க்கு மட்டும் வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. உப்பும் எண்ணெயும் அதிகம் என்று மனைவி ஜாடியை ஒளித்துவைத்திருக்கிறார். எங்கே என்று நிருபருக்குக் காட்டினார். எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.