‘ஹைலி’ என்றால் எவ்வளவு?

தாராவியில் ஒரு வீடு. கீழே தோல் பட்டறை. மேலே குடும்பம். பட்டறைத் தம்பி தின்னர் டப்பாவோடு வருகிறான்.

“அக்கா, இதை எங்கே வைக்க?”

“அடுப்புப் பக்கம் இடம் இருக்கு. அங்க வை.”

தம்பி டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். “ஹைலி இன்ஃபிளேமபிள்னு போட்டிருக்கு அக்கா. அங்க வேண்டாம்.”

செம்பூர் மாகுலில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆலைகள் உள்ளன. அங்கிருந்து வரும் பெட்ரோல் லாரிகளிலும் இதே சொற்களைப் பார்க்கலாம்.

‘ஹைலி’ என்றால் ‘மிகவும்’. பேச்சில் ‘ரொம்ப’. ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: எச், ஐ, ஜி, எச், எல், ஒய். நடுவில் உள்ள ஜி, எச் இரண்டும் ஒலிப்பதில்லை. ‘ஹை’ என்றால் உயரம். ஆனால் ‘ஹைலி’ உயரத்தைச் சொல்லாது. ஒரு தன்மை எவ்வளவு அதிகம் என்று சொல்லும்.

‘வெரி’ என்றாலும் ‘மிகவும்’தான். சூடான டீயை ‘வெரி ஹாட்’ என்பார்கள். ‘ஹைலி ஹாட்’ என்று சொல்வதில்லை. ‘ஹைலி’ சில சொற்களோடுதான் சேரும். ‘ஹைலி ஸ்கில்டு’ என்றால் மிகுந்த கைத்திறன் உள்ளவர். ‘ஹைலி டாக்ஸிக்’ என்றால் கடும் நஞ்சு.

‘இன்ஃபிளேமபிள்’ என்றால் தீப்பற்றக் கூடியது. இங்கே ஏமாந்துவிடக் கூடாது. ‘டைரக்ட்’ என்பதன் முன் ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள் வரும். இங்கே அப்படி வராது. ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் ஒரே பொருள்தான்.

சரி, ‘மிகவும்’ என்றால் எவ்வளவு? மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாகும். பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்து போகும். அடுத்த அறையில் அடுப்பு எரிந்தால் போதும், குப்பென்று பற்றிவிடும். தின்னரும் தோல் ஒட்டும் பசையும் இப்படி ஆவியாகக் கூடியவையே.

ஆகவே டப்பாவை இறுக மூடி வையுங்கள். அடுப்பு, பீடி, சுவிட்சுப் பொறி எதுவும் அருகே வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். தீப்பிடித்தால் அழைக்க வேண்டிய எண் 101.

அந்த அக்கா டப்பாவைத் தன் கையில் வாங்கினார். எழுத்தின் மேல் விரல் வைத்துத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு அடுப்புக்கு எட்டாத மூலையில் வைத்தார்.

உங்கள் வீட்டிலும் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். அந்த ஆறு எழுத்து இருக்கிறதா?