இரும்புக் கலப்பையும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பும்

கிணற்றடியில் 'கிர்லோஸ்கர்' என்று பெயர் பொறித்த ஆயில் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். உழவர்களின் சந்தேகத்தைத் தாண்டி வளர்ந்த குடும்பத்தின் பெயர் அது.

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1900களின் தொடக்கத்தில் இரும்புக் கலப்பை செய்தார். மண்ணைக் கீறும் மரக்கலப்பையைப் போல் அல்லாமல், அது மண்ணைப் புரட்டிக் களைகளை மூடியது. ஆனால், முழுக்க இரும்பாலான கலப்பை மண்ணை நஞ்சாக்கும் என்று உழவர்கள் ஒதுங்கினர். முதல் கலப்பையை விற்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. 1910இல் அவுந்து சமஸ்தானத்தில் கிடைத்த கள்ளிக்காட்டில் தொழிற்சாலையும் கிர்லோஸ்கர்வாடி என்ற ஊரும் எழுந்தன.

அவருடைய மகன் சாந்தனுராவ் 1903இல் சோலாப்பூரில் பிறந்தவர். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்து, தந்தையின் தொழிலுக்கே திரும்பினார். பெரும்பாலான கிராமங்களை மின்சாரம் எட்டாத காலத்தில், 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மாடு பூட்டிக் கவலை இறைத்த இடங்களில் டீசல் எஞ்சின் தண்ணீர் இறைத்தது. 1965இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1994இல் மறைந்தார். அவரது தன்வரலாற்றின் தலைப்புக்குக் 'கள்ளியும் ரோஜாவும்' என்று பொருள்.

அன்று சந்தேகப்பட்டவர்களைக் கேலி செய்ய வேண்டாம். இரும்பு மண்ணைக் கெடுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் அடிமண் இறுகிவிடும். அப்படி இறுகிய நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுங்கள். மாடு களைத்தால் கவலை நிற்கும்; எஞ்சின் களைக்காது. ஆகவே கிணற்றின் ஊற்றை அறிந்து இறைப்பது நம் பொறுப்பு.

புதிய கருவி எதுவானாலும், வாங்கும் முன் உங்கள் மண்ணிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உழவின் ஆழத்தையும் எரிபொருள் செலவையும் அளந்து பாருங்கள். உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் பக்கத்து ஊரில் கிடைப்பார்களா என்று விசாரியுங்கள். விலை அதிகமென்றால் வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு சொல். ஒரே ஒரு செயல்விளக்கத்தோடு ஊரை விட்டுவிடாதீர்கள். விளைச்சல் வரும்வரை அதே வயலுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஒரு கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் பொறுத்தவர்களின் கதை நமக்குச் சொல்வது அதைத்தான்.