ஆடலோட்ட அழுத்தமும் அதன் மெய்ப் பெறுமானமும்

இலங்கையின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் எனக் குறிப்பிடப்படுகின்றது. உண்மையில் அவ்வழுத்தம் ஒவ்வொரு 20 மில்லிசெக்கன்களிலும் பூச்சியத்திலிருந்து ஏறத்தாழ 325 வோல்ற் வரை இரு திசைகளிலும் ஏறியிறங்குகின்றது. அவ்வாறாயின் 230 என்பது எதனைக் குறிக்கின்றது? ஒரு தடையில் அதே வெப்பத்தைப் பிறப்பிக்கக்கூடிய நேரோட்ட அழுத்தத்தையே அது குறிக்கின்றது. வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், கணப்பெறுமானங்களை வர்க்கித்து, அவ்வர்க்கங்களின் இடையைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுத்தல் வேண்டும். இதுவே இடைவர்க்கமூலப் பெறுமானம் எனப்படும்.

மலிவான பல்மானிகள் பல இக்கணிப்பைச் செய்வதில்லை. அவை அலையைச் சீராக்கி, அதன் சராசரியை 1.11 ஆற் பெருக்கிக் காட்டுகின்றன. இக்காரணி சைன் அலைக்கு மாத்திரமே உரியது. விளக்கொளியைக் குறைக்கும் சாதனமொன்று ஒவ்வோர் அரையலையின் முற்பாதியையும் வெட்டிவிடுகின்றது எனக் கொள்வோம். மெய்ப் பெறுமானம் 163 வோல்ற். மானியோ 115 வோல்ற் எனக் காட்டும். மானியை நம்புவோர் வலு காற்பங்காகக் குறைந்துவிட்டது என்பர். உண்மையில் அரைப்பங்கு எஞ்சியுள்ளது. தொழிலாளி எதிர்பார்த்ததிலும் இருமடங்கு வெப்பம் அங்கு பிறக்கின்றது.

இவ்வழுவை நுண்கட்டுப்படுத்தி நீக்கவல்லது. மின்வழங்கலை அதனுடன் நேரடியாக இணைத்தல் உயிராபத்தானது. படிகுறை நிலைமாற்றி மூலம் அழுத்தத்தைத் தனிமைப்படுத்திக் குறைத்து, தடைகளாற் பிரித்து, 2.5 வோல்ற் மட்டத்தின் மீது ஏற்றிவைத்தல் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள இலக்கமாற்றி 0 முதல் 5 வோல்ற் வரையான வீச்சை 1024 படிகளாகப் பகுக்கின்றது. வழமையான அமைப்பில் ஓர் அளவீட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்கிரோசெக்கன் செல்வதால், ஒரு சுற்றுக்கு 190 வரையான மாதிரிகளைப் பெறலாம். மாதிரிகளின் கூட்டுத்தொகையும் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. வர்க்கங்களின் இடையிலிருந்து இடையின் வர்க்கத்தைக் கழித்தால் 2.5 வோல்ற் மட்டத்தின் பங்கு நீங்கிவிடும். எஞ்சியதன் வர்க்கமூலமே விடை. முழுச் சுற்றுகளை மாத்திரம் கணக்கிலெடுத்தல் இன்றியமையாதது. அரைகுறைச் சுற்று விடையைத் தளம்பச் செய்யும். இறுதியாக, நம்பகமான மானியொன்றுடன் ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்தல் வேண்டும்.

கருவி காட்டும் எண்ணுக்குப் பின்னால் எப்பொழுதும் ஓர் எடுகோள் உண்டு. மலிவான மானியில் அது உறைக்குள் மறைந்துள்ளது. இங்கோ ஒவ்வொரு படியும் மாணவனின் கண்முன் விரிந்து கிடக்கின்றது. கம்பியைத் தொட்டு வேலை செய்பவனுக்கு அவ்வெடுகோளை அறிந்திருத்தல் உயிர்ப் பாதுகாப்புச் சார்ந்த தேவையாகும்.